பெட்டிகள் நகர்ந்தன, பிள்ளைகள் உட்கார்ந்தார்கள்: ஒரு மூன்றாம் வகுப்பில் சுழற்சிக் குழு விளையாட்டுகள்

பின்னணி

ஒரு தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு. 36 பிள்ளைகள், ஒரே வகுப்பாசிரியை. பல வருட அனுபவம் உள்ளவர். கரும்பலகை முன்னால் நின்று பாடம் சொன்னால் வகுப்பு அடங்கிக் கேட்கும். நான் அதே பள்ளியில் வேறு வகுப்பு எடுக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டதால், ஓய்வு கிடைத்த பாடவேளைகளில் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். அந்தக் குறிப்புகளையும் நாங்கள் இருவரும் பிற்பாடு பேசியதையும் வைத்து எழுதிய பதிவு இது.

அவருக்கிருந்த சிக்கல் தொடக்க வகுப்பு எடுக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு பக்கத்தை மளமளவென்று படிக்கிற பிள்ளைக்குப் பக்கத்திலேயே 'படம்', 'பாடம்' இரண்டையும் குழப்பிக்கொள்கிற பிள்ளை உட்கார்ந்திருந்தது. கணக்கிலும் இதே நிலைதான். ஒரே பாடத்தை எல்லோருக்கும் நடத்தினால் சிலருக்கு அது ஏற்கெனவே தெரிந்தது, சிலருக்கு எட்டவே எட்டாதது. அதனால்தான் அவர் சுழற்சிக் குழுக்களைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு குழுவும் ஒரு மேசையில் ஒரு செயல்பாட்டைச் செய்துவிட்டு அடுத்த மேசைக்குப் போகும். ஒரு மேசையில் ஆசிரியை இருப்பார். ஆறு ஆறு பேராக அவர் முன்னால் வந்து படிக்கும்போது, யாருக்கு எங்கே தட்டுகிறது என்று கண்ணெதிரே தெரிந்துவிடும். நோக்கம் மிகச் சரியானது.

முதல் ஏற்பாடு

ஆறு மேசைகள், ஆறு குழுக்கள், குழுவுக்கு ஆறு பேர். வாசிப்புத் திறனை வைத்துக் குழு பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்தார். மிகவும் தடுமாறுகிறவர்கள் முதல் குழு. அவர்கள் ஆசிரியையின் மேசையில் தொடங்குவார்கள். மற்ற மேசைகளில் பாம்பும் ஏணியும் பலகை, சொல்லையும் படத்தையும் சேர்க்கும் அட்டைகள், கதைப் புத்தகங்கள், இடமதிப்புக்குக் குச்சிக்கட்டுகள், படம் பார்த்து எழுதும் தாள்கள் இருந்தன. இரண்டு பாடவேளையைச் சேர்த்து 80 நிமிடம் கிடைத்தது. மேசைக்கு 12 நிமிடம் என்று கணக்குப் போட்டால் 72 நிமிடம். மீதி 8 நிமிடத்தில் ஐந்து முறை இடம் மாற வேண்டும்.

பொருள்களை அவர் தயாரித்திருந்த விதத்தைப் பார்த்தால் எத்தனை இரவு உட்கார்ந்திருப்பார் என்று தெரிந்தது. பிள்ளைகளுக்கும் உற்சாகம் தாங்கவில்லை.

கவனித்தவை

முதலில் கண்ணில் பட்டது நேரம். இடம் மாற ஒன்றரை நிமிடம் என்பது தாளில் மட்டுமே இருந்தது. 36 பேர் எழுந்து, நாற்காலியை இழுத்து, பென்சிலை விட்டுவிட்டு வந்து திரும்ப ஓடி, புது மேசையில் என்ன செய்வது என்று கேட்டு முடிக்க ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் ஆனது. தொடக்க விளக்கத்துக்குப் பத்து நிமிடம். நான்கு சுற்று முடிந்ததும் மணி அடித்துவிடும்.

நான்கு சுற்றாவது நடக்கிறதே என்று விட்டுவிடலாம்தான். ஆனால் எந்தக் குழு எந்த மேசைக்குப் போகவில்லை என்று எழுதிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. தினமும் ஒரே இடத்திலிருந்து தொடங்குவதால், ஆசிரியையின் மேசைக்கு முதல் சுற்றில் ஒன்றாம் குழு, அப்புறம் ஆறு, ஐந்து, நான்கு என்ற வரிசையில் வருகிறார்கள். மூன்றாம் குழுவுக்கு ஐந்தாவது சுற்றிலும், இரண்டாம் குழுவுக்கு ஆறாவது சுற்றிலும்தான் முறை. அந்தச் சுற்றுகள் நடப்பதே இல்லை. ஆக, தினமும் அதே 12 பிள்ளைகள் ஆசிரியையின் முன்னால் உட்காராமலே வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் தட்டுத்தடுமாறியாவது படித்துவிடுகிறவர்கள், தொந்தரவும் தருவதில்லை. அதனால் யார் கண்ணிலும் படவில்லை. இது ஒருவருடைய அக்கறைக் குறைவு அல்ல, சுழற்சி அட்டவணையின் விளைவு. ஆறு மேசைச் சுழற்சி வைத்திருக்கிற எவரும் இதை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

அடுத்தது காத்திருப்பு. பாம்பும் ஏணியும் மேசையில் ஆறு பேர். பகடையை உருட்டி, காயை நகர்த்தி, 'இல்ல, நீ ஒண்ணு கூட வெச்சுட்ட' என்று சண்டை போட்டு முடிக்க ஒருவருக்கு அரை நிமிடம். ஒரு சுற்று வர மூன்று நிமிடம். 12 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு நான்கு முறை வாய்ப்பு வந்தது. மொத்தம் இரண்டு நிமிட வேலை, பத்து நிமிட வேடிக்கை. கூச்சலுக்குக் காரணம் பிள்ளைகளின் சுபாவம் என்று பேச்சு இருந்தது. கூச்சல் வந்தது இந்தப் பத்து நிமிடத்திலிருந்துதான்.

அந்த இரண்டு நிமிடத்திலாவது கணக்கு நடந்ததா என்று ஒரு சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் காய் 27இல் இருந்தது. பகடையில் ஐந்து விழுந்தது. கட்டங்களை விரலால் தொட்டு 'ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு' என்று எண்ணி 32இல் வைத்தாள். சரியான இடம். ஆனால் 28, 29, 30 எதுவும் அவள் வாயிலும் வரவில்லை, கண்ணும் அதில் இல்லை. எங்கே வந்திருக்கிறாய் என்று கேட்டதற்கு மறுபடி பலகையைப் பார்த்துத்தான் எண்ணைப் படித்தாள். நூறு வரைக்கும் எண் போட்ட பலகையில் ஒன்று முதல் ஆறு வரைக்கும் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

பலகையிலும் ஒரு குறை. பாம்பும் ஏணியும் பலகையில் எண்கள் ஒரு வரிசையில் இடமிருந்து வலமாகவும் அடுத்ததில் வலமிருந்து இடமாகவும் வளைந்து போகும். 27க்கு நேர் மேலே 34 இருக்கும். எல்லா வரிசையும் ஒரே திசையில் இருந்தால் 27க்கு மேலே 37, அதற்கு மேலே 47 வரும். பத்து கூடுவது கண்ணுக்கே தெரியும். விளையாட்டாக அந்தப் பலகையில் தவறில்லை. இடமதிப்பு கற்பிக்க அது உதவவில்லை, அவ்வளவுதான்.

சொல்லட்டை மேசையில் எல்லாக் குழுவும் நூற்றுக்கு நூறு. சொல் ஒரு பாதி, படம் ஒரு பாதி. பிள்ளைகள் தாங்களே சரிபார்த்துக்கொள்ளட்டும் என்று ஒவ்வொரு ஜோடியையும் வெவ்வேறு வளைவில் வெட்டியிருந்தார் ஆசிரியை. எழுத்துக் கூட்டவே சிரமப்படுகிற பையன் எப்படி இவ்வளவு வேகமாகச் சேர்க்கிறான் என்று பார்த்தால், அவன் சொல்லைப் படிக்கவே இல்லை. விளிம்பை விளிம்போடு பொருத்திக்கொண்டிருந்தான். புத்திசாலிப் பிள்ளை எதிரே இருக்கிற சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டது. அதில் அவன் குற்றம் ஒன்றுமில்லை.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேள்வி கேட்க ஆசிரியையின் மேசைக்குப் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்ததால் அவரால் ஒரு பிள்ளை ஒரு பத்தியைப் படிப்பதைக்கூட முழுதாகக் கேட்க முடியவில்லை. ஒவ்வொரு குழுவிலும் ஒருவரோ இருவரோ வேலையை முடித்துக் கொடுத்தார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செவித்திறன் குறைந்த ஒரு மாணவி சத்தம் ஏறினால் விளையாட்டிலிருந்து ஒதுங்கிவிடுவாள். ஒரு நாள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பையன் தன் குழுவின் நிறம் எதற்கு என்று கேட்டான். பக்கத்திலிருந்த பிள்ளை கொஞ்சமும் வருத்தமில்லாமல் சொன்னது: 'இதுவா, படிக்கத் தெரியாதவங்க குரூப்.' ஆசிரியை அன்று மாலை என்னிடம் பேசியது பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

குழு வேலையையே நிறுத்திவிடலாம் என்ற யோசனையும் வந்தது. ஆசிரியை அதை ஏற்கவில்லை. சின்ன எண்ணிக்கையில் பிள்ளைகளோடு உட்கார இதைவிட்டால் வழியில்லை என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். அதனால் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி பார்த்தோம்: ஆசிரியை பக்கத்தில் இல்லாத நேரத்தில், ஒவ்வொரு பிள்ளையின் மூளையும் எதில் இருக்கிறது?

குழு மூன்று பேராகச் சுருங்கியது. மொத்தம் 12 மூவர் குழுக்கள், ஒவ்வொன்றிலும் திறன் கலந்த பிள்ளைகள். மூவருக்கு ஒரு காரணம் காத்திருப்பு. இன்னொன்று நடைமுறை: ஒருவரை ஆசிரியை கூப்பிட்டாலோ ஒருவர் வராவிட்டாலோ மற்ற இருவரும் விளையாட்டைத் தொடரலாம். நான்கு பேராக இருந்தால் இரண்டு இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள் என்பதையும் முன்பே பார்த்திருந்தோம்.

பிள்ளைகள் இடம் மாறுவது நின்றது, பெட்டி மாறியது. நான்கு வகைப் பெட்டிகள், வகைக்கு மூன்று. பெட்டியின் மூடியில் உள்ளே இருக்க வேண்டியவை எழுதியிருக்கும்: காய் 3, பகடை 1, அட்டை 24. எண்ணி அடுக்கி மூடிய பிறகுதான் ஒரு பிள்ளை அதை அடுத்த குழுவுக்கு எடுத்துப்போகும். ஒரு நாளைக்கு 20 நிமிடச் சுற்று இரண்டு. இரண்டு நாளில் நான்கு பெட்டியும் எல்லோருக்கும் வந்துவிடும். 80 நிமிடத்தில் முதல் 25 நிமிடம் மொத்த வகுப்புக்கும் பாடம். கடைசி ஐந்து நிமிடம் நோட்டில் எழுத. இந்த எழுத்து வேலை பெற்றோர் கேட்டதால் வந்தது. தினமும் விளையாடினான் என்கிறான், நோட்டில் ஒன்றுமே இல்லையே என்று சிலர் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். அன்று விளையாட்டில் வந்த ஒரு கணக்கையோ ஒரு வாக்கியத்தையோ எழுத வைத்தோம். பெற்றோருக்கும் பதில், பிள்ளைக்கும் நினைவுபடுத்திப் பார்க்க ஒரு வாய்ப்பு.

ஆசிரியையின் மேசை சுழற்சியிலிருந்து வெளியே வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் முதல் சில நிமிடம் எல்லா விளையாட்டும் தொடங்கிவிட்டதா என்று நடந்து பார்ப்பார். அப்புறம் தன் நோட்டைப் பார்த்து ஆறு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒரு சுற்றுக்கு ஆறு, நாளைக்கு 12, வாரம் ஐந்து நாளில் 60 இடம். 36 பேரும் ஒருமுறை வந்த பிறகு 24 இடம் மிஞ்சும்; அது கூடுதல் உதவி தேவைப்படுகிறவர்களுக்கு. ஒரு நாள் நெட்டெழுத்தில் குழப்பம் உள்ளவர்கள், இன்னொரு நாள் கடன் வாங்கிக் கழிப்பதில் திணறுகிறவர்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் அந்த மேசையில் ஏதாவது ஒரு நாள் இடம் உண்டு. நிறக் குழுக்கள் இதோடு போயின.

எண் பலகையை மாற்றினோம்: எல்லா வரிசையும் ஒரே திசை, பாம்பு ஏணி இல்லை. விதி ஒன்றே ஒன்று: நகரும்போது கட்டத்தில் இருக்கிற எண்ணைச் சொல்லிக்கொண்டே நகர வேண்டும். 27இல் இருந்தால் '28, 29, 30, 31, 32'. மற்ற இருவரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சொல்லாமல் நகர்ந்தால் காய் திரும்பப் பழைய இடத்துக்கு. இப்படி ஒரு விதி வைக்கத் துணிந்ததற்கு ஆராய்ச்சியும் காரணம். எலிடா லாஸ்கி, ராபர்ட் சீக்ளர் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 100 வரை எண் உள்ள பலகையில் சின்னப் பிள்ளைகளை இரண்டு விதமாக விளையாட வைத்தார்கள். கட்டத்திலுள்ள எண்ணைச் சொல்லி நகர்ந்த பிள்ளைகள், ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து எண்ணி நகர்ந்தவர்களைவிட எண் அறிவில் தெளிவாக முன்னேறினார்கள். பலகை அதேதான்; பிள்ளை எதைக் கவனித்தது என்பதுதான் வேறு.

சொல்லட்டைகள் எல்லாம் ஒரே அளவு நேர்கோட்டில் வெட்டப்பட்டன. சரிபார்க்க ஒரு விடை அட்டை. இங்கே மூன்று வேலை வைத்தோம்: ஒருவர் சொல்லைப் படிப்பார், ஒருவர் அதைக் கேட்டுப் படத்தைத் தேடி எடுப்பார், ஒருவர் விடை அட்டையை வைத்துச் சரிபார்ப்பார். ஒவ்வொரு அட்டைக்கும் வேலை கைமாறும். யாரும் சும்மா உட்கார முடியாது. தவறு என்றால் சரிபார்ப்பவர் விடையைச் சொல்லக் கூடாது. 'திரும்பப் படி' என்று மட்டும் சொல்லலாம். குழுவில் விளக்கிச் சொல்கிற பிள்ளை அதனால் நன்றாகக் கற்கிறது, விடையை மட்டும் வாங்கிக்கொள்கிற பிள்ளைக்கு அதில் பெரிய பயன் இல்லை என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் நோரீன் வெப் பல வருடம் குழுக்களைக் கவனித்து எழுதியிருக்கிறார். நாங்களும் இதைத்தான் தினமும் பார்த்திருந்தோம்.

ஆசிரியையிடம் ஓடி வருவதைக் குறைக்க ஒரு வரிசை: முதலில் மூடியில் இருக்கிற படக்குறிப்பைப் பார், அப்புறம் உன் குழுவில் கேள், அப்புறம் பக்கத்துக் குழுவில் கேள், அதற்கும் மேலே என்றால் சிவப்பு அட்டையை நிமிர்த்தி வை. செவித்திறன் குறைந்த மாணவியின் குழு சுவரோரம் மூலைக்கு மாறியது. அவள் முதுகுக்குப் பின்னால் சத்தம் இல்லாத இடம்.

இதை எல்லாம் ஒரே நாளில் தொடங்கவில்லை. முதல் வாரம் எண் பலகை ஒன்று மட்டும். ஒரு மூவர் நடுவில் உட்கார்ந்து விளையாட, மற்றவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். பகடை கீழே விழுந்தால் என்ன செய்வது, தோற்றவர் அழுதால் என்ன செய்வது, பெட்டியை எப்படி மூடுவது என்பதைக்கூட நடித்துக் காட்டினார் ஆசிரியை. பாடத்திட்டம் பின்தங்குகிறதே என்ற பதற்றம் அவருக்கு இருந்தது. அந்த வாரம் போனது போகட்டும் என்று விட்டது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் நடந்தது

பெட்டி மாற ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் ஆனது. பழகப் பழக இரண்டு நிமிடத்துக்கு வந்தது. சத்தம் போகவில்லை, ஆனால் அதன் தன்மை மாறியது. 36 பேர் வகுப்பில் 12 பேராவது எந்நேரமும் எண்ணையோ சொல்லையோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தால் சத்தம் இருக்கத்தான் செய்யும். பக்கத்து வகுப்பு ஆசிரியரை ஒருமுறை உள்ளே அழைத்து உட்கார வைத்தபிறகு அந்தப் பக்கம் இருந்து வந்த முறையீடு குறைந்தது.

முன்பு விரலால் எண்ணிய சிறுமியைச் சில வாரம் கழித்துப் பார்த்தேன். 34இல் இருந்தாள், பகடையில் ஆறு. பலகையைத் தொடவே இல்லை. '40' என்று சொல்லிவிட்டுக் காயைத் தூக்கி வைத்தாள். குழுவிலிருந்த பையன், ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும் என்று விதியைக் காட்டிச் சண்டைக்கு வந்தான். ஆசிரியை அதைக் கேட்டுவிட்டு விதியை மாற்றினார்: போய்ச் சேருகிற எண்ணை முன்கூட்டியே சரியாகச் சொன்னால் நேராகத் தாண்டலாம்.

விளிம்பு பொருத்திய பையனுக்கு முதலில் கடினமாக இருந்தது. வேகம் போய்விட்டது, அதனால் கோபம். அவனுக்குப் பிடித்துப்போனது சரிபார்க்கிற வேலை. விடை அட்டையில் இருக்கிற சொல்லையும் நண்பன் படித்த சொல்லையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்து, 'இல்ல, திரும்பப் படி' என்று சொன்னபோது அவன் முகத்தில் வந்த நிமிர்வைப் பார்க்க வேண்டும். தவறைக் கண்டுபிடிக்க அவன் அந்தச் சொல்லைப் படித்தே ஆக வேண்டும்.

படம் பார்த்து எழுதும் பெட்டி சரிவரவே இல்லை. மூவருக்கு ஒரு தாள் என்பதால் கையெழுத்து நன்றாக உள்ளவர் எழுதினார். மற்ற இருவரும் வேடிக்கை. எழுத்தைத் தனி வேலையாக மாற்றிவிட்டு, அந்தப் பெட்டியில் துப்பு விளையாட்டு வைத்தோம். மூன்று பேரிடமும் ஒவ்வொரு அட்டை: 'அந்த எண் 40ஐவிடப் பெரியது', 'அந்த எண் 50ஐவிடச் சிறியது', 'அதன் ஒன்றாம் இலக்கம் 5'. அட்டையைக் காட்டக் கூடாது, படித்துச் சொல்லத்தான் வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் 45 கிடைக்கும். ஒவ்வொருவர் கையிலும் பாடத்தின் ஒரு துண்டைக் கொடுத்து, ஒருவரை விட்டு மற்றவர் முடிக்க முடியாதபடி செய்கிற வழியை உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கினார். எங்கள் துப்பு அட்டை அதன் சின்ன வடிவம். மெதுவாகப் படிக்கிற பிள்ளையை அவசரப்படுத்தி அட்டையைப் பிடுங்கியவர்கள் இருந்தார்கள். காத்திருக்கக் கற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் பிடித்தது.

பருவத் தேர்வில் முன்பு கவனத்துக்கு வராத அந்த 12 பேரில் பெரும்பாலோர் வாசிப்பில் ஒரு படி ஏறியிருந்தார்கள். ஆசிரியையின் நேரம் கிடைத்தது காரணமா, விளையாட்டா, இரண்டுமா என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் வழியில்லை. மிகவும் தடுமாறிய ஓரிருவருக்கு இது போதவில்லை. அவர்களுக்குத் தனி உதவி வேண்டும் என்பதுதான் தெளிவானது.

தீராத ஒன்றும் உண்டு. அட்டைகளில் சுலபம், நடுத்தரம், கடினம் என்று மூன்று உறை வைத்தோம். நன்றாகச் செய்யக்கூடிய சிலர் தினமும் சுலபமான உறையையே எடுத்தார்கள், ஏனென்றால் அதில் ஜெயிக்கலாம். வெற்றி தோல்வியை எடுத்துவிட்டுக் குழுவாகச் சேர்ந்து ஓர் இலக்கை எட்டுவது என்று மாற்றிப் பார்த்ததில் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை.

அடுத்த முறை மாற்றவிருப்பவை

ஆண்டின் முதல் மாதத்திலேயே தொடங்கலாம், ஆனால் இரண்டு பெட்டியோடு. நான்குக்கு அவசரமில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தொடக்கத்தில் எப்படிப் படித்தது என்பதை ஒரே பத்தியை வைத்துக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். இந்த முறை அப்படி எதுவும் இல்லாததால் முன்னேற்றத்தைத் தேர்வுத் தாளை வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது.

விளையாட்டின் விதிகளை மாற்றாமல் அட்டைகளை மட்டும் மாற்றிக்கொண்டே போவது என்று ஆசிரியை முடிவு செய்திருக்கிறார். புது விளையாட்டு என்றால் விதி சொல்லவே ஒரு பாடவேளை போகிறது. அதே விளையாட்டில் கூட்டலுக்குப் பதில் பெருக்கல் அட்டை என்றால் பிள்ளைகள் நேராகக் கணக்குக்கே வந்துவிடுகிறார்கள். தயாரிப்பு வேலையும் அவருக்குப் பாதியாகும். மூவர் குழுக்களை எப்போது கலைத்து மாற்றுவது என்பதில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அடிக்கடி மாற்றினால் பழக்கம் விட்டுப்போகிறது. மாற்றாவிட்டால் ஒருவர் அதிகாரம் செய்யத் தொடங்குகிறார். அடுத்த பருவத்தில் மாதம் ஒருமுறை மாற்றிப் பார்க்கப் போகிறார்.

அவர் விடுப்பில் இருந்த நாட்களில் மாற்று ஆசிரியர் பெட்டிகளைத் திறக்கவே இல்லை, திறந்தால் என்ன ஆகுமோ என்ற பயம். பிள்ளைகளுக்கோ எல்லாம் தெரியும். பெட்டிகள் எந்த வரிசையில் நகரும், யார் எங்கே உட்கார்வார்கள், சிவப்பு அட்டை நிமிர்ந்தால் என்ன பொருள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, முதல் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைக்கிறோம்.